குறிஞ்சாக்கேணிக்குத் துரு பார்க்கப் போனேன்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கப் போகிறார்கள். நான் துருவைப் பார்க்கப் போனேன்.

கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் டிராக்டர் செய்வேன். நிஜ டிராக்டரில் பதினாறில் ஒரு பங்கு, செய்து முடித்ததும் ஒரு சாண் நீளம் இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே எஞ்சின், எஞ்சினில் ஃபேன் பெல்ட். இதுவரை எனக்குக் கை வரும். வராதது, பழசாக்குவது. புதிதாகச் செய்த ஒன்றின்மேல் பல வருட வெயிலையும் சேற்றையும் துருவையும் ஏற்ற வேண்டும். போன வருடம் பெங்களூரில் நடந்த போட்டியில் நடுவர் என் வண்டியைக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு மதிப்பெண் தாளில் இரண்டே சொற்கள் எழுதினார்: துரு கற்பனை.

அவர் எழுதியது சரி. துரு எங்கே பிடிக்கும் என்று நான் யோசித்து வைத்திருந்தேன், பார்த்து வைக்கவில்லை. ஆகவே இந்த முறை 'வேலையில் இருக்கும் வண்டி' என்ற பிரிவைத் தேர்ந்தேன். அதற்கு விதிகள் மூன்று. நிஜ வண்டி இன்றும் உழைத்துக்கொண்டிருக்க வேண்டும். நிஜமும் மாதிரியும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். மாதிரியின் வேலை முழுவதும் ஒரே ஆளின் கையால் நடந்திருக்க வேண்டும்.

பழைய டிராக்டர்க்காரர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில்தான் ஜவாத் என்பவர் போட்ட படங்களைப் பார்த்தேன். கிண்ணியாவுக்குப் பக்கத்தில், குறிஞ்சாக்கேணியில், கூலிக்கு வயல் உழுகிறவர். அவருடைய சிவப்பு டிராக்டர் அவரைவிட மூத்தது. இடது மட்கார்டு கிழிந்த இடத்தில் பீப்பாய்த் தகடு வைத்து ஒட்டியிருந்தது. முன்விளக்கு ஏதோ மோட்டார் சைக்கிளில் இருந்து வந்தது. இருக்கை உடைந்துபோனதால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை அறுத்துவிட்டு அதைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகி, கால் படும் இடமெல்லாம் இரும்பு பளபளத்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதினேன். தாராளமாக வாங்க என்று பதில் வந்தது.

ஆறு மாதத்தில் மாதிரியைச் சாம்பல் நிறப் பிரைமர் வரை முடித்தேன். நிறமும் வயதும் மட்டும் பாக்கி. அவற்றை நிஜ வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றுவதாகத் திட்டம். கையில் நான்கு நாள். நான்காம் நாள் மாலைக்குள் படங்களை அனுப்பிவிட வேண்டும்.

திருகோணமலையில், அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் தங்கினேன். காலையில் இடியப்பமும் சொதியும் வந்தன. சொதி என்பது மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கூடிய ஒரு சாறு. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போடுவோம். இங்கே பச்சை மிளகாய் போடுகிறார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டேன். வீட்டுக்கார அம்மா கதிரையை இரண்டு முறை இழுத்துப் போட்டார், நான் இரண்டு முறையும் உட்காரவில்லை.

ஆட்டோ ஓட்டியவர் பெயர் அன்ரன். கழுத்தில் சிலுவை, கண்ணாடியில் இன்னொரு சிலுவை. கிண்ணியாவில் ஒரு பழைய டிராக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஏறினேன். சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தேன், பெயர்ப் பலகைகள் கண்டி வீதி என்று சொல்லின. கப்பல்துறையில் ஒரு வேலி ஓரம் வண்டியை நிறுத்தி, அன்ரன் பெருமையாகக் கை காட்டினார். வேலிக்குள் ஒரு டிராக்டர் நின்றது. அதன் டீசல் டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது.

"நான் கிண்ணியான்னுதாங்க சொன்னேன்."

"ஓம், சொன்னனீங்கள். ஆனா மெசின் எண்டா எல்லாம் ஒண்டுதானே தங்கச்சி. இது என்ர மச்சான்ர காணி. இது கிட்டவும்."

இங்கே டிராக்டரை மெசின் என்கிறார்கள், சக்கரத்தைச் சில்லு என்கிறார்கள். இரண்டையும் அன்றே பழகிக்கொண்டேன். திரும்பி, சீனக்குடாப் பக்கம் வந்து, கிண்ணியாப் பாலம் ஏறும்போது உச்சி வெயில். பாலத்தின் இருபுறமும் தண்ணீர் தகரம் போலக் கிடந்தது. மாதிரியை வைத்திருந்த பெட்டி மடியில் இருந்தது, அதை நான் கையிலிருந்து விடவில்லை. வழியில் கண்ட ஒவ்வொரு டிராக்டரையும் அன்ரன் வேகம் குறைத்துக் காட்டினார்.

ஜவாத் வாசலில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி றிஸ்மியா. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். விரல்களில் மண்ணெண்ணெய் வாடை. இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதை நான் அப்போது கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. ஜவாத் தறப்பாளை, அதாவது தார்ப்பாயை, ஒரே இழுப்பில் இழுத்தார்.

புத்தம் புதுச் சிவப்பு. சக்கரங்களின் நடுவே கடல் நீலம். பானெட்டின் இரு பக்கமும் முனையில் மேல்நோக்கி வளையும் ஒரு வெள்ளைக் கோடு, மீன்பிடி வள்ளத்துக்குப் போடுவது மாதிரி. கால்களை அறுத்த நாற்காலிக்கும் நீலம் அடித்திருந்தது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை.

"ராத்தாட வேல" என்றார் ஜவாத், மனைவியைக் காட்டி. "சொல்லாம வைப்பம், கண்டு சந்தோசப்படட்டும் எண்டு சொல்லிட்டா."

"இந்தியாவில இருந்து ஒரு புள்ள எங்கட மெசினப் பாக்க வருகுது" என்றார் றிஸ்மியா. "அந்தக் கோலத்திலயா காட்டுற?"

இங்கே அக்காவை ராத்தா என்றும், அண்ணனை நானா என்றும், அப்பாவை வாப்பா என்றும் அழைக்கிறார்கள். கல்யாணம் ஆகும்வரை வாப்பாவின் வள்ளங்களுக்குச் சாயம் அடித்தது தான்தான் என்று றிஸ்மியா சொன்னார். டிராக்டருக்கு அடித்ததும் வள்ளப் பெயிண்ட்தான். உப்புத் தண்ணீருக்கே நிற்கும், சேறு என்ன செய்யும் என்று கேட்டார்.

மிக அழகாக இருக்கிறது என்றேன். கம்பெனியில் ஒரு வார்ப்பு முழுவதும் பழுதாக வந்த நாளிலும் என் குரல் இப்படித்தான் இருந்தது. றிஸ்மியா உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். இறால் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல், கடைசியில் ஒரு மண்சட்டி எருமைத் தயிர். கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கட்டியான தயிர். ஊத்துக்குளிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அந்தத் தயிருக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். பிறகு மறுபடி எழுந்தேன்.

பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. அதனால் றிஸ்மியா வண்டியை வயலுக்கு விட மறுத்திருந்தார். மழைக்கு முன் உழுது முடிக்க வேண்டியவர்கள் ஜவாத்தை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் இருந்த நேரத்தில் அவர் தொலைபேசியில் சொன்ன சாக்குகளில் வயிற்றுவலி ஒன்று, டீசல் இல்லை என்பது ஒன்று, மாமியார் வந்திருப்பது ஒன்று. கடைசியானதை மட்டும் மனைவி காதில் விழாதபடி சொன்னார்.

மறுநாள் காலையிலேயே துரு தேடிக் கப்பல்துறைக்குப் போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த நிறத் தூள் புட்டிகளும், எங்கெங்கே துரு பார்க்க வேண்டும் என்று எழுதிய பட்டியலும் கையில் இருந்தன. அன்ரன் ஒரு வார்த்தையும் கேட்காமல் நேராகச் செடி வளர்ந்த டிராக்டருக்கே ஓட்டினார். அவருக்கு அன்று உலகம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு முகம்.

துரு ஏராளம். ஆனால் அது நின்ற வண்டியின் துரு. மழை தேங்கிய இடத்தில் மட்டும் தின்றிருந்தது. மனிதர் கை வைத்துத் தேய்ந்த பளபளப்பு எங்குமே இல்லை. கிளட்ச் மிதியும் மட்கார்டு விளிம்பும் ஒரே நிறம். ஓடுகிற வண்டியில் அப்படி இருக்காது. இதைப் பார்த்து நான் செய்தால் நடுவர் அதே இரண்டு சொற்களை எழுதுவார், விதி வேறு மீறப்படும். அன்ரனின் மச்சான் ஒரு கத்தியோடு வந்து, பார்க்க வசதியாக இருக்கும் என்று செடியை வெட்டப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். அப்போது மழை பிடித்தது.

அன்று முழுவதும் மழை. முன்னறையில் உட்கார்ந்து சாம்பல் நிற மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு ஊரில் வேறு வண்டி தேடலாமா, இன்றே கிளம்பிவிடலாமா, ஜவாத் முன்பு அனுப்பிய படங்களை வைத்து வீட்டில் செய்யலாமா? ஒவ்வொன்றையும் மூன்று விதிகளோடு உரசினேன். ஒன்றும் தேறவில்லை. ஊர்வலம் போகிற மாதிரி அறைக்குள்ளேயே நடந்தேன்.

மூன்றாம் நாள் குறிஞ்சாக்கேணிக்குப் போனபோது முற்றத்தில் றிஸ்மியா கோபமாக நின்றார். மழைக்கு மூடிய தறப்பாள் காயாத பெயிண்டில் ஒட்டி, உரித்தபோது பானெட் முழுக்கத் துணியின் பின்னல் பதிந்துவிட்டது. ஜவாத் பொறுமை இழந்து, இனி யார் பார்க்கவும் காத்திருக்க ஏலாது, காணிக்காரர் வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்று வண்டியைக் கிளப்பப் போனார்.

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அன்ரன் முந்திக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் கவலப்படாதேங்கோ. தங்கச்சிக்குத் துருதான் வேணும். நேற்றுக் கப்பல்துறையில துருத் தேடித் திரிஞ்சது."

றிஸ்மியா என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: போட்டி, நடுவர் எழுதியது, நான் ஏன் வந்தேன் என்பது. ஜவாத் எஞ்சினை நிறுத்திவிட்டார். றிஸ்மியா குசினிக்குள் போனார். நான் செருப்பைத் தேடினேன். அவர் திரும்பி வந்தபோது கையில் உப்புத்தாளும் ஒரு பழைய கத்தியும் இருந்தன.

"உரிச்சு விடுறன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"வேண்டாங்க ராத்தா. உரிச்சா கீழே பழசு இருக்காது. உரிச்ச அடையாளந்தான் இருக்கும்."

"அப்ப என்ன செய்யிற?"

அதுவரை எனக்கே தெரியாது. இப்படியே செய்கிறேன் என்று வாய் சொன்னது. இன்றைக்கு இந்த வண்டி எப்படி நிற்கிறதோ அப்படி. காயாத சிவப்பு, தறப்பாள் தடம், நீலச் சில்லு, எல்லாம். இது வேலையில் இருக்கும் வண்டி. இதன் நிறம் இது. ஜவாத் அதற்குள் எஞ்சினை மறுபடி கிளப்பிவிட்டார். போவோம், காணி காத்திருக்கு என்றார்.

வயல் வீட்டிலிருந்து கூப்பிடும் தூரம். றிஸ்மியா வரம்பில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றார். சக்கரம் முதல் முறை சேற்றில் இறங்கி நீலம் மறைந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் குறித்துக்கொண்டே ஓடினேன்: சேறு முதலில் எங்கே படிகிறது, எங்கே தெறிக்கிறது, ஜவாத்தின் குதிகால் புதுச் சிவப்பை எந்த இடத்தில் முதலில் தேய்க்கிறது. கொங்கு நாட்டுச் செம்மண் பொடியை ஒரு புட்டி நிறையக் கொண்டுவந்திருந்தேன். இந்தச் சேறோ நனைந்த சிமெண்ட் நிறம். புட்டியை மூடிப் பையில் போட்டுவிட்டு ஒரு பிடி வரம்பு மண்ணை வெயிலில் காயவைத்தேன். மூன்று நாளில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் கால் நான் சொன்னபடி கேட்டது.

மாலைக்குள் மாதிரிக்குச் சிவப்பு அடித்துவிட்டேன். கொசுவலைத் துணியை ஈரப் பெயிண்டில் ஒற்றித் தறப்பாள் தடத்தையும் கொண்டுவந்தேன். அது நன்றாக வந்தது. நான்காம் நாள் காலைக்கு நீலமும் வெள்ளையும் மண்ணும்தான் மிச்சம்.

அவற்றில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஜவாத் வீட்டு நடுவறையில் மேசையை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு, வெளியே நிற்கும் வண்டியைப் பார்த்துப் பார்த்து வெள்ளைக் கோடு போட்டேன். முதலில் டேப் ஒட்டிப் போட்டேன். அடிக்கோல் வைத்த மாதிரி வந்தது. நிஜக் கோடு அப்படி இல்லை. தொடங்கும் இடத்தில் தடித்து, போகப்போக மெலிந்து, பெயிண்ட் தீர்ந்த இடத்தில் மீண்டும் தடித்து, முனையில் சட்டென்று மேலே ஏறியது. டேப்பை எடுத்துவிட்டு வெறுங்கையால் போட்டேன். தடிக்க வேண்டிய இடத்தில் தடிக்க வைத்தேன், மெலிய வேண்டிய இடத்தில் மெலிய வைத்தேன். எல்லா அளவும் சரி. பார்த்தால் பொய். துடைத்தேன். மீண்டும் போட்டேன், மீண்டும் துடைத்தேன். சுவர் மணிக்கூடு எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்தது.

றிஸ்மியா வெகுநேரமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க ராத்தா."

"நீங்க தப்பு வரட்டும் எண்டு கஷ்டப்படுறீங்க. நான் சரியா வரட்டும் எண்டுதான் அடிச்ச."

தூரிகையைக் கீழே வைத்தேன். கொஞ்சம் கழித்து அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். உதிரியாக வைத்திருந்த ஒரு தகட்டில் போட்டுப் பாருங்கள் என்றேன். இவ்வளவு சின்னத் தூரிகையை அவர் பிடித்ததில்லை. கண் மை தீட்டவே காணாது என்று சிரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. முனையில் மணிக்கட்டு தானாகவே மேலே ஏறியது. கோடு தடித்தது, மெலிந்தது. அது நன்றாக வரவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் போட்ட கோடு. வெளியே நிற்கும் வண்டியில் இருந்தது அதுதான்.

மாதிரியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

நகர்த்தும்போதே மூன்றாவது விதி நினைவில் இருந்தது. மறந்து செய்தேன் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் தெரிந்தே இருந்தது: யாருக்கும் தெரியப்போவதில்லை. பெங்களூரில் இருக்கிறவருக்குக் குறிஞ்சாக்கேணியில் யார் கை என்று எப்படித் தெரியும்? அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இந்தக் கோட்டில் கற்பனை என்று எழுத ஒன்றும் இல்லை. ஆறு மாத மாலைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. வலப்பக்கக் கோட்டை அவர் போட்டு முடிக்கும்வரை இதை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மாதிரியைத் திருப்பி இடப்பக்கத்தைத் தொடங்கினார். தாடையை இறுக்கி, நாக்கு நுனியை உதட்டோரம் வைத்துக்கொண்டு. இதை என் கை என்று ஒரு படிவத்தில் எழுதுவது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். முடியவில்லை.

அன்று வண்டியை எனக்காக வாசலில் விட்டுவிட்டு வரம்பு கட்டப் போயிருந்த ஜவாத் வயலில் இருந்து வந்து, கால் கழுவிவிட்டு, மேசைக்குக் கிட்ட வந்து குனிந்தார். தன் வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மனைவியின் தோளை இடித்தார்.

"இதுக்குப் பரிசு கிடைக்கும், என்ன?"

"இது போட்டிக்குப் போகாதுங்க நானா."

ஏன் என்று கேட்டார். ஒரே ஆளின் கையாக இருக்க வேண்டும் என்பது விதி, இதில் இப்போது இரண்டு பேர் கை என்று சொன்னேன். றிஸ்மியாவின் தூரிகை நின்றது. ஈரத் துணியைத் தேடினார்.

"நான் துடைச்சிட்டுத் தாறன். நீங்களே அடிங்க. நேரம் இருக்கு."

"துடைக்காதீங்க" என்றேன். "எனக்கு இதுதான் வேணும்."

அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். நான் மரியாதைக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கலாம். அவர் போட்ட பெயிண்டைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று முதல் நாள் சொன்னபோதும் அப்படிப் பார்த்திருக்க வேண்டும், எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு துணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து வசதியாக உட்கார்ந்தார்.

"அப்ப அவசரமில்ல" என்றார். "சில்லுக்கு அந்த நீலத்தக் கொஞ்சம் கூடுதலாக் கரைங்க."

நான் நீலம் கரைத்தேன்.